சுவான நித்திரை: நாயின் உறக்கமும் கனவும்

மாணாக்கனுக்கு உரிய இலக்கணங்கள் ஐந்து என்று கூறும் வடமொழிச் சுபாஷிதம் ஒன்று உண்டு. காக்கையின் முயற்சி, கொக்கின் ஒருமைப்பாடு, நாயின் உறக்கம், அளவான உண்டி, இல்லப் பற்றை விடுதல் என்பன அவை. மூன்றாவதாக எண்ணப்பட்ட நாயின் உறக்கத்தைச் 'சுவான நித்திரை' என்பர். சிற்றோசை எழினும் உடனே கலையும் உறக்கம் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். அதனால், குறைய உறங்குபவனே நிறையக் கற்பான் என்ற எண்ணமும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நாய் உண்மையில் எவ்வாறு உறங்குகின்றது, உறக்கத்திலே அதற்குக் கனவு உண்டோ, அவ்வுறக்கத்தால் அது பெறும் பயன் யாது என்பவற்றை ஆராயின், அவ்வெண்ணம் பாதியே மெய் என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்து ஊர்களிலே நாய் மிகப் பழகிய உயிர். திருநெல்வேலி முதலிய செம்மண் ஊர்களில், வேலியும் படலையும் உடைய வளவுகளை இரவு முழுதும் காப்பது அதுவே. வைரவக் கடவுளை வழிபடும் சிறு கோயில்கள் இந்நாட்டில் மிகப் பல. அக்கடவுளுக்கு ஊர்தி நாய். சிவாலயங்களிலே அர்த்தயாம பூசை முடிந்தபின் கோயிற் றிறப்புக்களை வைரவர் சந்நிதியில் வைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. இராக்காவல் என்னும் தொழிலோடு நாய் எவ்வளவு நெருங்கி நிற்கின்றது என்பதற்கு இவ்வழக்கமே போதிய சான்றாகும். மக்கள் கவலையின்றித் துயில்வதற்காக நாய் விழித்திருக்கின்றது. அந்நாய் எப்பொழுது, எவ்வாறு துயில்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நண்பகலிலே மாமர நிழலில் மண்ணைக் கிளறிப் பள்ளமாக்கி அதனுள் நாய் சுருண்டு கிடத்தலை எவரும் கண்டிருப்பர். சிறிது நேரம் அசைவற்றுக் கிடந்த நாயின் இமைகள் மெல்லத் துடிக்கும். மீசை மயிர் அசையும். கால்கள் ஓடுவன போல உதறும். வாய் திறவாமலே மெலிந்த குரைப்பொலி எழும். மூச்சு ஒருகால் விரைந்தும் ஒருகால் தடைப்பட்டும் வரும். பின்னர் யாவும் அடங்கும். "நாய் கனாக் காண்கிறது" என்று வீட்டார் சொல்லிச் செல்வர். இக்கூற்று வெறும் வழக்குரையோ, ஆராய்ச்சியால் நிலைநாட்டத்தக்க உண்மையோ என்பது முதலிற் காணவேண்டியது.

ஒரு பொருளை அறிதற்குரிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூவகையாக நம் நூலோர் வகுத்தனர். மனிதனுடைய கனவை அறிதற்கு அவனது உரை துணை செய்கின்றது. விழித்தெழுந்தவன் தான் கண்டதைக் கூறுகின்றான். நாய்க்கு அத்தகைய உரை இல்லை. பிறிதோர் உயிரின் கனவைக் கண்ணாற் காண்டலும் இயலாது. எனவே எஞ்சி நிற்பது கருதலளவை ஒன்றே. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் போல, உடலிலே தோன்றும் குறிகளைக் கண்டு உள்ளத்து நிகழ்ச்சியை உய்த்துணர்தல் வேண்டும். அவ்வாறு உய்த்துணர்வதற்கு ஏற்ற ஏதுக்களைத் தேடித் தந்ததே இவ்வாராய்ச்சியின் வரலாறு.

கி.மு. நாலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலிலே, மனிதரே அன்றிக் குதிரை, நாய், மாடு முதலியனவும் கனவு காணும் என்றும், நாய் உறக்கத்திற் குரைத்தலே அதற்கு அறிகுறி என்றும் எழுதினார். கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோமப் புலவர் இலுக்கிரீசியசு, வேட்டை நாய்கள் உறக்கத்திலே கால்களை உதறி மோப்பம் பிடித்தலை விரித்துரைத்தார். சாள்ஸ் டார்வின் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலிலே, நாய், பூனை, குதிரை முதலியவற்றின் உறக்க அசைவுகளையும் ஒலிகளையும் காட்டி, அவை கனவு காண்பன என்றும், அதனால் அவற்றுக்குக் கற்பனை ஆற்றல் ஒரு சிறிதேனும் உண்டு என்றும் கொண்டார். இவர் யாவரும் கண்ணாற் கண்ட குறிகளையே துணையாகக் கொண்டனர்.

தமிழ் நூல் மரபிலும் இவ்வாராய்ச்சிக்கு ஓர் இயைபு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. விலங்குகள் ஐம்பொறி வழியாக அறியும் ஐயறிவின. மனத்தால் அறியும் ஆறாவது அறிவு மக்களுக்கு உரியது என்பது அதன் பொதுவிதி. எனினும் ஆறறிவு மக்களோடு முற்றும் நின்றுவிடுவதில்லை. விலங்குகளுள்ளும் ஒருசாரனவற்றுக்கு அஃது உண்டு என்று கொண்டு, கிளி, குரங்கு, யானை முதலியவற்றை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஐம்பொறியும் அடங்கிக் கிடக்கும் உறக்கத்திலே ஓர் உயிர் எதனையேனும் காணுமாயின், அக்காட்சி பொறிவழி வந்ததாகாது; உள்ளே சேமித்த ஒன்றிலிருந்தே எழுந்திருத்தல் வேண்டும். ஆகவே நாய்க்குக் கனவு உண்டோ என்ற வினா, நாய்க்கு மனம் உண்டோ என்ற வினாவின் ஒரு கூறேயாகும்.

இவ்வினாவிற்கு விடை காணும் வழி 1953ஆம் ஆண்டிலே திறந்தது. அமெரிக்காவிலுள்ள சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே யூஜீன் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளெயித்மன் என்னும் இருவரும், உறங்கும் மனிதரின் மூடிய இமைகளுக்குள்ளே கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைதலைக் கருவிகொண்டு பதிவுசெய்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருட் பெரும்பாலோர் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். ஏனைய வேளைகளில் எழுப்பப்பட்டோர் அவ்வாறு கூறுதல் மிகக் குறைவு. மூளையின் மின்னலைகளும் அக்கண்ணசைவு வேளையிலே விழிப்பு நிலையின் அலைகளை ஒத்திருந்தன. இவ்வாறு உறக்கம் இருவகைப்படும் என்பது தெளிவாயிற்று. ஒன்று அலைகள் மெதுவாக எழும் ஆழ்ந்த அமைதியுறக்கம். மற்றொன்று விழியசைவோடு கூடிய கனவுறக்கம். பிற்காலத்து ஆய்வுகள் அமைதியுறக்கத்திலும் கனவு ஓரளவு நிகழும் எனக் காட்டினும், தெளிவும் விரிவும் உடைய கனவுகள் பெரிதும் விழியசைவு உறக்கத்துக்கே உரியன.

1958ஆம் ஆண்டில் வில்லியம் டெமெந்து பூனையிடத்திலும் இத்தகைய உறக்கத்தைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டிலே பிரான்சு நாட்டின் லியோன் நகரிலிருந்த மிசேல் ஜூவே என்பார், அவ்வேளையில் மூளை விழித்திருப்பது போலத் தொழிற்படினும் உடற்றசைகள் முற்றும் தளர்ந்து கிடத்தலைக் கண்டு, அதற்கு 'முரணுறக்கம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். மூளைத்தண்டிலுள்ள ஒரு சிறு பகுதியே தசைகளை அவ்வாறு கட்டி வைக்கின்றது. அப்பகுதி நீக்கப்பட்ட பூனைகள் கனவுறக்கம் வந்தவுடன் எழுந்து நின்றன. இல்லாத இரையைத் துரத்தின. இல்லாத பகையோடு பொருதன. எதிரே உள்ள மெய்ப்பொருளை அவை பொருட்படுத்தவில்லை. இவ்வாய்வு 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாயின் கால் உதறலுக்கும் மெல்லிய குரைப்புக்கும் காரணம் இதனால் விளங்குகின்றது. உள்ளே ஓடும் ஓட்டத்தை மூளைத்தண்டு தடுத்து நிறுத்துகின்றது. தடையையும் மீறிக் கசிந்து வரும் சிறு துடிப்புக்களையே புறத்தே காண்கின்றோம்.

கனவின் பொருள் யாது என்பதற்கும் ஒரு சான்று கிடைத்தது. 2001ஆம் ஆண்டிலே மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த கென்வே லூயி, மத்தேயு வில்சன் என்போர், வட்டப் பாதையில் ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் மூளையிலே, இடத்தை நினைவிற் கொள்ளும் பகுதியின் நரம்புக் கலங்கள் எவ்வொழுங்கில் எழுகின்றன என்று குறித்துக்கொண்டனர். பின்னர் அவ்வெலிகள் கனவுறக்கத்தில் ஆழ்ந்தபோது, அதே கலங்கள் அதே ஒழுங்கில் மீண்டும் எழுந்தன. உறங்கும் எலி அப்பாதையின் எந்த இடத்தில் ஓடுவதாக மூளை காட்டுகின்றது என்பதையே அவர்களாற் கூற முடிந்தது. எலிக்கு இவ்வாறு பகல் ஓட்டம் இரவில் மீளுமாயின், அதனினும் பெரிய மூளையும் அதே வகையான உறக்கமும் உடைய நாய்க்கு மீளாது என்று கொள்ளுதற்கு நியாயம் இல்லை. நாயின் கனவு அன்றாடம் அது பழகிய பொருள்களாலேயே ஆகியிருக்கும் என்று கருதுவது தகும். உடையவனின் முகம், படலைக்கு அப்பால் நின்ற அயல் நாய், துரத்திய அணில் என்பனவும், மனிதன் அறியா நுண்ணிய மணங்களும் அதில் இடம்பெறலாம். எந்த நாய் எந்நேரத்தில் எதனைக் கண்டது என்று குறித்துச் சொல்லுதல் மட்டும் கருதலளவைக்கு அப்பாற்பட்டது.

இனி நாயினுறக்கத்தின் அமைப்பைக் காண்போம். 'பொயின்ரர்' என்னும் வேட்டை நாய்களை வைத்து 1977ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவை ஒரு நாளின் நேரத்தில் நூற்றுக்கு 44 பங்கு விழிப்பிலும், 21 பங்கு அரைத்துயிலிலும், 23 பங்கு அமைதியுறக்கத்திலும், 12 பங்கு கனவுறக்கத்திலும் கழித்தன எனக் கணக்கிட்டது. 1993ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், நாய்கள் இரவின் 8 மணி நேரத்தில் ஏறத்தாழ 23 முறை உறங்கி விழிப்பதைக் கண்டனர். சராசரியாக 16 நிமிடம் உறக்கம், 5 நிமிடம் விழிப்பு என்பதே அதன் ஒழுங்கு. மனிதன் உறக்கத்தை ஒரே நீண்ட துணியாக நெய்கின்றான். நாய் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சேர்க்கின்றது. ஆகவே நாய் குறைய உறங்குகின்றது என்பது தவறு. அது அடிக்கடி விழிக்கின்றது என்பதே சரி. இரவிற் காவலால் இழந்ததைப் பகலில் ஈடுசெய்கின்றது. பகலில் உறங்கும் நாயைச் சோம்பேறி எனக் கடிந்து எழுப்புவோர், அதன் கூலியைப் பறிப்போர் ஆவர்.

நாயின் கனவு பற்றி அறியத்தக்கவற்றுள் தலையாயது இனி வருவது. கனவுறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடத்தலின், அப்பொழுது எவ்வுயிரும் தன்னைக் காத்துக்கொள்ள வல்லதன்று. ஆகவே அச்சத்தோடு உறங்கும் உயிர்க்குக் கனவுறக்கம் பெருஞ்சேதத்தை விளைக்கக் கூடியது. 1976ஆம் ஆண்டில் ற்றூவெற் அலிசன், டொமெனிக் சிச்செற்றி என்போர் 39 வகைப் பாலூட்டிகளின் உறக்கத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்களும், மறைவற்ற வெளியில் உறங்கும் உயிர்களும் கனவுறக்கத்தைக் குறைவாகவே பெறுகின்றன என்றும், இரை தேடி உண்ணும் உயிர்களும், காவலான இடத்தில் உறங்கும் உயிர்களும் அதனை மிகுதியாகப் பெறுகின்றன என்றும் அவர்கள் கண்டனர். கனவு பாதுகாப்பின் பயன். ஒரு நாய் மக்கள் நடமாடும் முற்றத்திலே பக்கவாட்டிற் சரிந்து, காலை நீட்டிக் கனவு காணுமாயின், அவ்விடத்தையும் அம்மக்களையும் அது நம்பியிருக்கின்றது என்பதே அதன் பொருள். கட்டாக்காலியாய்த் தெருவோரத்தில் கிடக்கும் நாய் தலையை முன்னங்கால்மேல் வைத்து, எழுந்தோட ஆயத்தமாகவே அரைத்துயில் கொள்வதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

வெப்பமும் கனவுறக்கத்துக்குப் பகை. நாய்க்கு உடல் முழுதும் வியர்க்கும் இயல்பு இல்லை. அது பெரும்பாலும் இளைத்தலினாலேயே, அதாவது வாய் திறந்து விரைந்து மூச்சுவிடுதலினாலேயே, தன் உடலைக் குளிர்விக்கின்றது. பூனைகளில் நிகழ்ந்த ஆய்வுகள் கனவுறக்கத்தின்போது இளைத்தலும் நடுங்குதலும் நின்றுவிடுகின்றன எனக் காட்டின. உடலின் வெப்பத்தை ஒழுங்கு செய்யும் ஆற்றல் அவ்வேளையில் தளர்கின்றது. ஆகவே கடும் வெயிலிலோ கடுங்குளிரிலோ கிடக்கும் விலங்கு கனவுறக்கத்தை எய்துவது அரிது. எய்தினும் நிலைப்பது அரிது. சித்திரை வைகாசி வெக்கையிலே கிணற்றடி ஈரத்தையும் மரநிழற் பள்ளத்தையும் நாய் நாடுவது இதனாலேயே.

கனவும் உறக்கமும் நாய்க்குச் செய்யும் நன்மை யாது? ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ற் நகர ஆய்வாளர்கள், நாயைத் துன்புறுத்தாது தலையில் மின்வாய்களை ஒட்டி, உடையவர் அருகிருக்கவே அதனை உறங்கவிட்டு, மூளையலைகளைப் பதிவுசெய்யும் முறையை 2014ஆம் ஆண்டளவில் வகுத்தனர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்விலே, ஹங்கேரிய மொழியில் 'இரு', 'படு' என்னும் ஏவல்களை முன்பே அறிந்த நாய்களுக்கு, அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. கற்றபின் உறங்கிய நாய்கள் விழித்தெழுந்தபோது மேலும் நன்றாக அவ்வேவலுக்கு இணங்கின. மற்றொரு சோதனையிலே, கற்றபின் சில நாய்கள் உறங்கின, சில உலாவின, சில விளையாடின, சிலவற்றுக்கு உடனே வேறொன்று கற்பிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, முதல் மூவகை நாய்களும் முன்னேறியிருந்தன. ஓய்வின்றி மேலும் கற்பிக்கப்பட்டவை அவ்வாறு முன்னேறவில்லை. அதே ஆண்டில் வெளியான அவர்களது பிறிதோர் ஆய்வு, அச்சமும் தனிமையும் தரும் நிகழ்ச்சிகளுக்குப் பின் நாயின் உறக்கத்து அமைப்பே மாறுபடுகின்றது என்று காட்டிற்று. பகலில் நாயை நடத்தும் முறை, இரவில் அதன் மூளையிலே எழுதப்படுகின்றது.

மனிதருக்கும் நாயின் உறக்கம் பேருதவி புரிந்தது. திடீரென உறக்கம் வந்து கவிவதும், மகிழ்ச்சி மிக்க வேளையில் தசைகள் தளர்ந்து விழுவதும் ஆகிய நோயொன்று மனிதருள் உண்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே, அந்நோயோடு பிறந்த டோபர்மன், லபிறடோர் இன நாய்கள் 1970கள் முதல் வளர்த்து ஆராயப்பட்டன. விரும்பிய உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே அவை தரையிற் சரிந்துவிடும். கனவுறக்கத்துக்குரிய தசைத்தளர்ச்சி விழிப்பினுள் புகுந்தமையே அதன் காரணம். 1999ஆம் ஆண்டிலே எம்மானுவேல் மிஞோவும் அவரோடு ஆராய்ந்தவர்களும் அந்நோய்க்குக் காரணமான பரம்பரை அலகை அந்நாய்களிடத்திலே கண்டறிந்தனர். விழிப்பைத் தாங்கி நிறுத்தும் மூளைப்பொருளொன்றை ஏற்கும் வாயில் பழுதுற்றிருந்தது. அதன் பின்னரே மனிதரின் நோய்க்கும் அப்பொருளின் குறைவே காரணம் என்பது தெளிவாயிற்று.

இவற்றையெல்லாம் அறிந்தபின், நாய் நன்கு உறங்குவதற்கு வீட்டார் செய்யத்தக்கவை தாமே விளங்கும். முதலாவது, இடம். படலையருகே வெயிலிலும் மழையிலும் குறுஞ்சங்கிலியிற் கட்டுண்ட நாய்க்கு, சரிந்து காலை நீட்டவும் நிழல் மாறும்போது இடம் மாறவும் வழியில்லை. விறாந்தையின் மூலையிலோ, கிடுகு வேய்ந்த தாழ்வாரத்தின் கீழோ, தரையிலிருந்து சற்று உயர்ந்த உலர்ந்த இடம் ஒன்றை அதற்கென ஒதுக்குதல் வேண்டும். முதுகுப்புறம் சுவராகவும், முன்புறம் முற்றத்தை நோக்கியதாகவும் அவ்விடம் இருப்பின், பின்னிருந்து எதுவும் வாராது என்ற துணிவு நாய்க்கு உண்டாகும். சோளகக் காற்று வீசும் காலத்தில் காற்றோட்டமும், வாடைக்காற்று வீசும் மாரியில் மடித்த சாக்கும் வேண்டும். வீட்டாரின் குரல் கேட்கும் தொலைவில் உறங்கும் நாய், தனித்துக் கிடக்கும் நாயினும் அமைதியாக உறங்கும்.

இரண்டாவது, ஓசை. மனிதன் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் செவி 45,000 அளவு வரை கேட்கும். தீபாவளி வெடியும் திருவிழா வாணமும் அதற்கு அளவிறந்த அச்சத்தைத் தருவன. அவ்விரவுகளில் நாயைக் கட்டி வைத்தல் கொடுமை. அதனை வீட்டினுள் ஓர் அறையில் விட்டு, கதவையும் யன்னலையும் சாத்தி, பழகிய ஒருவர் அருகிருப்பின் நடுக்கம் குறையும். மூன்றாவது, உடல் நலம். உண்ணியும் தெள்ளும் கடிக்கும் நாய் சொறிவதற்காகவே விழிக்கும். அவற்றை மிருக வைத்தியர் கூறும் மருந்தால் நீக்குதல் வேண்டும். மாலையிலே சிறிது நேரம் ஓடவிட்டு, அந்தியிலே உணவளித்து, படுக்குமுன் வெளியே சென்றுவர விடுதலும், குடிநீர் எப்பொழுதும் வைத்தலும் எளிய செயல்களேயாயினும் நற்பயன் தருவன.

குட்டிக்கும் முதிர்ந்த நாய்க்கும் தனிக் கவனம் வேண்டும். நாயின் இளமைப் பெயர் குருளை என்பது தொல்காப்பியம். பிறந்து சில வாரங்களே ஆன குருளைகள் நாளின் பெரும்பகுதியை உறக்கத்திற் கழிக்கும். அவ்வுறக்கத்தின் பெரும்பகுதியும் துடிப்போடு கூடியதாகவே இருக்கும். வளரும் மூளை தன் நரம்புகளைச் சோதித்துப் பழகும் வேளை அது. சிறுவர் விளையாட்டுக்காக அவற்றை அடிக்கடி எழுப்புதல் தகாது. தாயைப் பிரிந்து புதுவீடு புகுந்த குட்டி இரவில் அழுமாயின், சில நாட்கள் மக்கள் துயிலும் இடத்தருகே அதனைக் கிடத்துதல் நலம். முதிர்ந்த நாய் பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் அலையுமாயின், அது மூளை தளர்தலின் குறியாகலாம்; மூட்டுநோவின் குறியாகவும் இருக்கலாம்.

கனவு காணும் நாயைத் தொட்டு எழுப்பலாகாது. ஆழ்ந்த உறக்கத்தினின்றும் திடுக்குற்றெழும் நாய், எதிரே நிற்பவர் யாரென அறியுமுன் கடித்துவிடக் கூடும். அதன் துன்பத்தைக் கண்டு இரங்கி அணைக்கச் செல்லும் சிறுவர்க்கே இவ்விடர் மிகுதி. எழுப்பியே ஆகவேண்டுமாயின், சற்றுத் தொலைவில் நின்று பெயர் சொல்லி மென்குரலில் அழைத்தல் வேண்டும். கடி நேர்ந்துவிடின் அதனைச் சிறிதென விடலாகாது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி பரவியதனாலேயே பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தலும் கடமை.

கனவுத் துடிப்பையும் வலிப்பையும் பிரித்தறிதலும் இன்றியமையாதது. கனவுத் துடிப்பு விட்டுவிட்டு வரும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அடங்கும். உடல் இளகியே இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் நாய் விழித்து, உடனே தன்னிலை அறியும். வலிப்பிலோ உடல் விறைக்கும், கால்கள் ஓயாது ஒரே வகையாக உதறும், வாயில் நுரை தள்ளலாம், சிறுநீர் கழியலாம், அழைத்தாலும் எழாது, எழுந்தபின்னும் சிறிது நேரம் மயங்கித் திரியும். 'டிஸ்ரெம்பர்' எனப்படும் நச்சுயிரி நோய் கண்டு பிழைத்த நாய்களுக்கு ஒரே தசை இடைவிடாது துடிக்கும். அத்துடிப்பு விழிப்பிலும் உறக்கத்திலும் ஒருங்கே தொடரும். இவையிரண்டும் கனவு அல்ல. காலங்கடத்தாது மிருக வைத்தியரிடம் காட்டத்தக்க நோய்கள். அந்நச்சுயிரி நோய்க்கும் குட்டிப் பருவத்திலேயே தடுப்பூசி உண்டு.

மேலே கூறியவற்றால் நாய்க்குக் கனவு உண்டு என்பது கருதலளவையால் வலிதாக நிறுவப்படுகின்றது. அக்கனவு நாய்க்கு வீண் அன்று. பகலிற் கற்றதை நிலைநிறுத்துவதும், பட்ட அச்சத்தை ஆற்றுவதும் உறக்கத்தின் தொழில். அத்தொழில் நடைபெறுதற்கு அச்சமின்மை வேண்டும். பிறர்க்கு அச்சமின்மையை அளிக்கும் காவலனுக்கே அஃது இல்லாது போகுமாயின், அதனை வளர்ப்போர் பெற்ற காவலுக்குக் கைம்மாறு செய்தவர் ஆகார். உணவு இடுதல் அக்கைம்மாற்றின் ஒரு பாதி. அஞ்சாது உறங்க ஓர் இடம் தருதல் மறுபாதி.

சுவான நித்திரை என்னும் சொல்லுக்கும் இனிச் சரியான பொருள் கொள்ளலாம். சாணக்கியர் பெயரால் வழங்கும் நீதிநூல், நாயினிடத்துக் கற்கவேண்டிய குணங்கள் ஆறு எனக் கூறுமிடத்து, நன்றாக உறங்குதல், விரைவாக விழித்தல் என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கின்றது. உலகம் பின்னதைப் போற்றி முன்னதை மறந்தது. பரீட்சைக்கு முதல்நாள் விடியுமளவும் கண்விழித்துப் படிக்கும் மாணாக்கன், நாயினிடத்துப் பாதிப் பாடத்தையே கற்றவன் ஆகின்றான். கற்றதைக் காத்துத் தருவது உறக்கம் என்பதை, ஓர் ஏவலைக் கற்றுக் கண்ணயர்ந்து தெளிந்தெழும் நாய் உணர்த்துகின்றது. அழைத்தவுடன் எழுதலும், எழும் வரை நன்றாக உறங்குதலும் ஆகிய இரண்டும் கூடியதே சுவான நித்திரை.